திரைக்குப் பின்னால் ஒரு கை

எங்கள் வீட்டு அலமாரியில், நிலப் பத்திரங்களோடும் பழைய கடிதங்களோடும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதனுள் உள்ள புகைப்படங்களில் மிகப் பழையது 1963ஆம் ஆண்டு எடுத்தது. அப்போது எனக்கு ஐந்து வயது. தம்பிக்கு எட்டு மாதம். கொழும்பில் கடை வைத்திருந்த வாப்பா, தாம் இன்னும் கண்ணால் காணாத மகனுடைய முகத்தைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆகவே கீழக்கரையிலிருந்து மாமாவின் துணையோடு உம்மா எங்களை இராமநாதபுரத்துக்கு அழைத்துப் போனார்கள்.

அந்தப் படநிலையத்தில் அரண்மனைப் படிக்கட்டு எழுதிய திரை ஒன்று தொங்கிற்று. அதன் முன் ஒரு முக்காலியை வைத்துத் தம்பியை அதில் உட்கார்த்தி, என்னைப் பக்கத்தில் நிறுத்தினார் படமெடுப்பவர். தம்பி உட்காருவானா? சரிந்தான், கத்தினான். அந்நிய ஆடவர் முன் படத்துக்கு நிற்பதில்லை என்பதில் உம்மா உறுதியாக இருந்தார்கள். பிள்ளையை விட்டு விலகவும் முடியவில்லை. கடைசியில் துப்பட்டியோடு திரைக்குப் பின்னால் போய், திரையின் பிளவு வழியே கையை மட்டும் நீட்டித் தம்பியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள். படத்தில் நான் காவல் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டவள் போல் விழித்து நிற்கிறேன். தம்பி அழுகைக்கும் வியப்புக்கும் நடுவில் இருக்கிறான். அவன் இடுப்பருகே நான்கு விரல்களும் இரண்டு கண்ணாடி வளையல்களும் தெரிகின்றன.

1990இல் வாப்பா மறைந்த பிறகு, அவர்களுடைய பணப்பையில் அந்தப் படம் இருந்தது. பின்புறத்தில் அரபுத்தமிழில் பெயர்கள் எழுதியிருந்தார்கள். என் பெயர், தம்பியின் பெயர், உம்மாவின் பெயர். மூன்று.

இப்படிக் கையாக மட்டும் படத்தில் இடம்பெற்ற தாய் என் உம்மா ஒருவர் அல்லர் என்பதைப் பல்லாண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். 1839இல் பாரிஸ் நகரில் தாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்தன. பின்னர் அந்த நேரம் விநாடிகளாகக் குறைந்தது என்றாலும், கைக்குழந்தை சில விநாடிகள்கூட அசையாமல் இருக்குமா? எனவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாயை நாற்காலியில் அமர்த்தி, தலையோடு ஒரு போர்வையைப் போர்த்தி, அவளையே நாற்காலி போலாக்கி, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படமெடுத்தார்கள். அத்தகைய படங்களை இன்று 'மறைந்திருக்கும் தாய்' என்று பெயரிட்டுச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாயை மறைத்ததற்குக் கண்ணாடித் தகட்டின் மந்தம் காரணம். எங்கள் ஊரில் நாணமும், படமெடுப்பவர் அந்நியர் என்பதும் காரணம். இன்றோ இந்த இரண்டும் இல்லை. எனினும் தாய் படத்தில் இல்லை. ஏனெனில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருப்பவள் அவள்தான்! என் மருமகளின் கைப்பேசியில் பிள்ளைகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் அவளைத் தேடிப் பாருங்கள். ஒரு படத்தில் தரையில் விழுந்த அவள் நிழல் இருக்கிறது.

படமெடுப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை நெடுங்காலமாக உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ (1854–1935), புகைப்படம் என்பது படைத்தலன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று கருதி ஒரு நூலே எழுதினார். அதை ஏற்காதவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் உருவப்படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. பெட்டிக்குள் வைத்துப் பார்ப்போம். இந்த விவாதத்தில் புகும் தகுதி எனக்கில்லை. பிள்ளைகளைப் படமெடுக்கும் வீட்டில் தாயை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம் என்பதே என் கேள்வி.

இதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் உண்டு. 1974இல் காக்கா சென்னையிலிருந்து ஓர் ஆக்ஃபா கிளிக் காமிரா வாங்கி வந்தார். பரோடாவில் செய்த எளிய கறுப்புப் பெட்டி அது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். பெண்களை நான் எடுக்கலாம் என்பதால் அது விரைவிலேயே என் கைக்கு வந்துவிட்டது. முதற்சுருளில் முற்றத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "சிரிங்க, சிரிங்க" என்று அதட்டிப் பதினொரு படம் எடுத்தேன். பதினொன்றிலும் எல்லாரும் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களாய் நின்றார்கள். படம் எடுத்து முடிந்தது என்றெண்ணி உம்மா தங்கையை இழுத்து உட்கார வைத்துத் தலை வாரத் தொடங்கினார்கள். சுருளை முடிப்பதற்காக மட்டுமே நான் பன்னிரண்டாவது முறை விசையைத் தட்டினேன்.

கழுவி வந்தபோது அந்த ஒன்றில்தான் உம்மா உம்மாவாக இருந்தார்கள். கொண்டை ஊசி பற்களுக்கிடையில். ஒரு கையில் தங்கையின் கூந்தல். ஏதோ கண்டித்துக்கொண்டே பாதிச் சிரிப்பு. உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஊசியைக் கவ்விக்கிட்டு இருக்கேன், பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? கிழிச்சுப் போடு புள்ளே" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே, அவர்கள் கண்முன்னாலேயே, இரண்டாகவும் நான்காகவும் கிழித்துப் போட்டேன். படச்சுருளும் பிறகு கைதவறிப் போயிற்று. கிழிக்கச் சொன்னது அவர்களுடைய உரிமை. அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். அன்றே கிழித்தது என் அவசரம். ஒருநாள் பொறுத்து மறுபடி கேட்டிருக்கலாம்.

உம்மாவின் முகம் உள்ள படம் என்று இன்று எங்களிடம் எஞ்சியிருப்பது ஒன்றே. 1981இல் ஹஜ்ஜுக்குப் போவதற்காக விண்ணப்பத்தில் ஒட்ட எடுத்தது. அஞ்சல்தலையைவிடச் சற்றுப் பெரியது. அதிலும் பாதி முத்திரை மைக்குக் கீழே. அதைப் பார்த்த என் பேத்தி, "உங்க உம்மாவுக்குக் கோபம் ரொம்ப வருமா?" என்று கேட்டாள். உம்மாவின் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்கும் என்று அவளிடம் எப்படி மெய்ப்பிப்பேன்?

அந்தப் பன்னிரண்டாவது படம் எனக்குக் கற்பித்ததைத்தான் இத்தனை ஆண்டுகளாக மகள்களிடமும் மருமகளிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லி வருகிறேன். தாயையும் பிள்ளையையும் படமெடுக்க வேண்டுமானால் நிற்கச் சொல்லாதீர்கள். இருவர் கைக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வேலையைக் கொடுங்கள். கை வேலையில் ஈடுபட்டால் முகம் தன் இயல்புக்கு வந்துவிடும்.

எந்த வேலை என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் வேலைக்கா பஞ்சம்? பெருநாளுக்கு முந்திய நாள் மருதோன்றி அரைத்து இடுவதை முதலாவதாகச் சொல்வேன். கூம்பு உறையில் அடைத்து விற்பதைவிட அம்மியில் அரைத்த விழுதே இதற்கு ஏற்றது. அது காயும்வரை பிள்ளை கையை விரித்தபடி ஓரிடத்தில் இருந்தே ஆகவேண்டும்! மூன்று வயதுப் பிள்ளையை ஓரிடத்தில் இருத்தும் உபாயம் உலகில் வேறெதுவும் எனக்குத் தெரியாது. தாய் குனிந்து இடுகிறாள். பிள்ளை தன் உள்ளங்கையையே பார்க்கிறது. இரண்டு தலைகளும் தாமாகவே நெருங்குகின்றன. இரவில் குழல்விளக்கின் கீழ் எடுத்தால் முகம் வெளிறும். பகலிலேயே, அஸருக்குப் பிறகு முற்றத்தின் ஓரத்தில் அல்லது சன்னலருகில் உட்காரச் செய்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுக்க வேண்டும். எடுப்பவரும் தரையில் உட்காருவது அவசியம். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைகள்தாம் கிடைக்கும். இட்டு முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். மூக்கு அரிக்கிறது என்று பிள்ளை சொல்லும்; தாய் தன் முந்தானையால் சொறிந்துவிடுவாள். அதுதான் படம்.

கைக்குழந்தையானால் குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி காட்டும் நேரம் நல்லது. குளிப்பாட்டும்போது எடுக்க வேண்டா. ஆடையற்ற பிள்ளையின் படம் இன்று யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. துணியில் சுற்றித் தாய் தன் நீட்டிய கால்களின் மேல் கிடத்தியிருக்கையில், ஒரு கீற்று வெயிலில் புகை எழும் அந்த ஐந்து நிமிடம் போதும். பால் குடித்து, வயிறு நிறைந்து, தூக்கம் வருமுன் உள்ள பொழுது அது. பசியோடு இருக்கும் பிள்ளையைப் படமெடுக்கப் புறப்படுவோர் தம் நேரத்தையும் பிள்ளையின் நேரத்தையும் வீணாக்குகிறார்கள்.

பத்து வயது ஆண்பிள்ளைகள் தாயோடு படத்தில் உட்காரக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்குப் பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். தாய் ஒரு முத்தை ஏமாற்றி எடுத்துவிட்டாள் என்று தோன்றினால் கூச்சமெல்லாம் பறந்துவிடும். பருவமெய்திய பெண்பிள்ளைக்கோ, தாயின் கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து இருவருமாக மடிக்கும் வேலை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்து உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்க்கும்போது இருவரும் நேருக்கு நேர் முகம் பார்த்தே தீரவேண்டும். பேச்சுவார்த்தை இல்லாமல் பிணங்கியிருந்த ஒரு தாயும் மகளும் இப்படி மடிக்கையில் சிரித்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். இடியப்பம் பிழிவது, முருங்கைக்கீரை ஆய்வது, எங்கள் பக்கத்து ஓலைப்பெட்டி முடைவது ஆகியவையும் நல்லவையே. அலிஃபு, பே என்று தாய் விரல் வைத்துக் காட்டுவதும் அழகுதான். ஆனால் பாடம் உண்மையிலேயே நடக்கவேண்டும். படத்துக்காகக் கிதாபை விரித்து வைத்து நடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொரு விளையாட்டை உம்மாவிடமிருந்தே கற்றேன். கோடை நண்பகலில் தெருப்பக்கத்து அறையின் சன்னல்களைச் சாத்துவார்கள். கதவில் உளுந்தளவு ஒரு துளை இருந்தது. சற்று நேரம் இருட்டில் இருந்து கண் பழகியதும், எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாகத் தெரியும். தலைகீழாக ஒரு வண்டி போகும். தலைகீழாக ஓர் ஆடு வரும். பஸ்ராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்த இப்னுல் ஹைதம், இருட்டறைக்குள் சிறு துளை வழியே ஒளி நுழைவதை ஆராய்ந்தார் என்பதும், கிரகணத்தின்போது சூரியனின் பிறைவடிவம் துளை வழியே விழுவதைப் பற்றித் தனி நூல் எழுதினார் என்பதும் உம்மாவுக்குத் தெரியாது. காமிரா என்பது அரபுச்சொல் என்று நம்மவர் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. பெருமைக்கு இப்னுல் ஹைதமின் ஆராய்ச்சி போதாதா? இன்று நான் சன்னலில் கறுப்புத்தாள் ஒட்டித் துளையிட்டு, எதிரே வெள்ளைத் துணி கட்டி, தாயையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்புவேன். இருட்டில் படமெடுக்க முயல்வதில்லை. அவர்கள் பார்த்து முடித்ததும் சன்னலை ஒரு சாண் திறப்பேன். கண்களைச் சுருக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு, தாம் கண்டதை எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்குவார்கள். அப்போது எடுப்பேன்.

படமெடுக்கும் கலையில் தாய்மார்களுக்கு உரிமை இல்லாமலில்லை. கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரன் என்ற அம்மையாருக்கு 48ஆம் வயதில் காமிராவைப் பரிசளித்தவர்கள் அவருடைய மகளும் மருமகனுந்தாம். தாயும் சேயுமாக அவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. இறுதிக்காலத்தில் இலங்கையில் வாழ்ந்து 1879இல் அங்கேயே மறைந்தார். என்றாலும் அவரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. பிள்ளைகளை நெடுநேரம் அசையாமல் வைத்துத்தான் அவர் எடுத்தார். 1936இல் கலிபோர்னியாவில் டாரதியா லாங்கே எடுத்த ஏழைத்தாயின் படத்தையே நான் மேலாகக் கருதுகிறேன். அதில் இரண்டு பிள்ளைகள் காமிராவுக்கு முதுகைக் காட்டித் தாயின் தோளில் முகம் புதைத்திருக்கிறார்கள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் "இங்கே பாரு, இங்கே பாரு" என்று கூவுபவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். ஆனால் அந்தத் தாயின் பெயரைக்கூட லாங்கே கேட்கவில்லை. உலகமெல்லாம் தன் முகத்தைக் கண்ட அந்தப் பெண்மணி, பின்னாளில் அதுபற்றி மனக்குறைப்பட்டார்.

ஆதலால் முதலில் தாயைக் கேளுங்கள். முக்காட்டைச் சரிசெய்ய அவளுக்கு நேரம் கொடுங்கள். எடுத்ததை அவளுக்கே முதலில் காட்டுங்கள். குடும்பத்துக்கு வெளியே ஒரு படமும் அவள் சம்மதம் இல்லாமல் போகக்கூடாது. சம்மதித்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது. அரைமணிக்கு மேல் படமெடுக்கும் வேலையை நீட்டவேண்டா. காமிராவை எப்போதும் தாயே வைத்திருக்கும் வீடுகளில், எட்டு வயதுப் பிள்ளை கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். தலை வெட்டுப்படும், விரல் மறைக்கும். ஆனால் பிள்ளை தன் உம்மாவைப் பார்க்கும் உயரத்திலிருந்து எடுத்த படம் வேறு யாருக்கும் வாய்க்காது.

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் பிறை பார்க்க நாங்கள் மொட்டைமாடிக்குப் போனோம். என் மகன் வெளிநாட்டில். மருமகளும் பேரனும் பேத்தியும் நானுந்தான். பிறை பார்க்கும் பொழுதைப் போல் படமெடுக்க உகந்த பொழுது ஆண்டில் வேறில்லை என்பது என் எண்ணம். சூரியன் இறங்கிய மேற்குவானம் பெரிய விளக்காக நின்று எல்லார் முகத்திலும் மென்மையாக ஒளி வீசும். எல்லாரும் ஒரே திசையில் நிமிர்ந்து பார்ப்பார்கள். காமிராவின் நினைவு ஒருவருக்கும் இராது. எடுப்பவர் மட்டும் பிறையைத் தியாகம் செய்துவிட்டு, மேற்குக்கு முதுகைக் காட்டி அவர்களைப் பார்த்து நிற்கவேண்டும். அவர்களுக்குப் பின்னால் நின்றால் இருண்ட உருவங்களே கிடைக்கும்.

பேரன் ஒரு மேகக்கீற்றைக் காட்டி "அதோ பிறை" என்று கத்தினான். பேத்தி அவனைத் திருத்தினாள். மருமகள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, காற்றில் பறந்த முக்காட்டு நுனியைப் பற்களில் கவ்வியபடி, சுட்டுவிரலால் சரியான இடத்தைக் காட்டினாள். எடுத்தேன்.

பார்த்தவுடன் அவள், "மாமி, இதை அழிச்சிருங்க. துணியைக் கவ்விக்கிட்டு எப்படி இருக்கேன் பாருங்க" என்றாள்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. பிறகு, "அழிக்கலாம் கண்ணும்மா. பெருநாள் கழியட்டும். மறுநாள் நீயே பார்த்துச் சொல்லு, அப்பவும் வேணாம்னா அழிச்சிடுறேன்" என்றேன்.

மறுநாள் நானாகக் கேட்கவில்லை. மாலையில் அவளே வந்து, அந்தப் படத்தைத் தன் கணவருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அவன் என்ன எழுதினான் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாளில் அச்சிட்டு எடுத்துவர இராமநாதபுரம் போகும் ஒருவரிடம் சொல்லியனுப்பினோம். கைப்பேசியோடு எத்தனை வீட்டுப் படங்கள் தண்ணீரில் விழுந்து போயின என்பது உங்களுக்கும் தெரியும்.

படம் வந்ததும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, வாப்பாவின் பணப்பையில் இருந்த படத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். அரபுத்தமிழை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். புதிய படத்தைக் கவிழ்த்து வைத்து, ஆண்டையும் இடத்தையும் எழுதினாள். பிறகு மகன் பெயர், மகள் பெயர், தன் பெயர். சற்று நிறுத்தி, என் பெயரையும் எழுதினாள். பேனா மை ஊறி முகத்தைக் கெடுக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்ததால், பென்சிலால்தான் எழுதினாள்.